மெயில் வழி ஆடும் அட்லாண்டிஸ்: ஆணைகளை எப்படி வாங்குவது, சுற்றை எப்படி ஓட்டுவது

மெயிலில் ஆணை அனுப்பி ஆடும் வியூக ஆட்டங்களில் அட்லாண்டிஸுக்குத் தனி இடம் உண்டு. 1993-ல் ரஸ்ஸல் வாலஸ் எழுதியது. பின்னர் ஜெஃப் டன்பார் சி++ மொழியில் வளர்த்த பதிப்பிலிருந்துதான் இன்று ஓடும் ஐந்தாம் பதிப்பு வந்தது. ஜெர்மன் மொழியில் ஓடும் எரெசியாவும் இதே வேரில் கிளைத்த ஆட்டம். மூல நிரல் திறந்தே கிடக்கிறது, இறக்கித் தொகுத்தால் எஞ்சின் (எல்லாருடைய ஆணையையும் சேர்த்து நிறைவேற்றி, ஒவ்வொருவருக்கும் அறிக்கை எழுதும் நிரல்) கைக்கு வந்துவிடும். முப்பது பேரைச் சேர்த்து வாரம் ஒரு சுற்று நடத்தலாம் என்று கிளம்பும்போதுதான் உண்மையான கேள்வி வருகிறது: இத்தனை மெயிலை யார் திறந்து பார்ப்பது?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு சுற்றுக்கு மூன்று முறை திருத்தி அனுப்பினால் வாரத்துக்கு 90 மெயில் வரும். ஒவ்வொன்றுக்கும் பதில் போனால் 90. சுற்று முடிந்ததும் 30 அறிக்கை. கையால் செய்தால் ஒரு மாதம் தாங்கும். அதற்குமேல் நடத்துபவர் சோர்ந்துபோவார், அவரோடு ஆட்டமும் நின்றுபோகும். ஆகவே தானியக்கம் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. எந்த வழியில் என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது.

எஞ்சினுக்கு மெயில் என்றால் என்னவென்றே தெரியாது. அது வெறும் கட்டளைவரி நிரல். ஒரு அடைவில் கேம்.இன், பிளேயர்ஸ்.இன் என்று இரண்டு கோப்புகள் இருக்க வேண்டும். ஒவ்வொரு அணிக்கும் ஆர்டர்ஸ்.3, ஆர்டர்ஸ்.4 என்று எண்ணோடு ஒரு கோப்பு இருக்க வேண்டும். 1-ஆம் எண் நகரக் காவலர்களுக்கு, 2-ஆம் எண் விலங்குகளுக்கு, மனிதர்களின் அணிகள் 3-லிருந்து. 'அட்லாண்டிஸ் ரன்' என்று கொடுத்தால் கேம்.அவுட், பிளேயர்ஸ்.அவுட், ரிப்போர்ட்.3, ரிப்போர்ட்.4 என்று எழுதிவிட்டு முடிந்துவிடும். 'அட்லாண்டிஸ் செக்' என்ற இன்னொரு கட்டளை ஒரு ஆணைக் கோப்பை மட்டும் வாங்கி, பிழைகளை வேறொரு கோப்பில் எழுதித் தரும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் நாம் எழுத வேண்டியது.

இங்கே இரண்டு வேலை இருக்கிறது. ஆணை வாங்குவது இரவு பகல் பாராமல் எந்நேரமும் நடப்பது. தவறினால் ஒரே ஒருவருக்குத்தான் நட்டம், அவரும் திரும்ப அனுப்பிக்கொள்ளலாம். சுற்றை ஓட்டுவது வாரத்தில் சில நிமிட வேலை. தவறினால் முப்பது பேருக்கும் நட்டம். இந்த இரண்டையும் ஒரே ஸ்கிரிப்டில் போடுவதுதான் புதிதாக நடத்துபவர்கள் செய்யும் முதல் பிழை. தனித்தனியாக எழுதுங்கள், தனித்தனியாகவே வழியைத் தேர்ந்தெடுங்கள். கீழே வரும் ஒப்பீட்டில் பெரும்பகுதி ஆணை வாங்குவதைப் பற்றியது. வழிகள் பிரிவது அங்கேதான்.

கையால் வாங்குவது

ஆறேழு பேர், இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று என்றால் இதில் குறையொன்றும் இல்லை. மெயிலைத் திறந்து, ஆணையை நகலெடுத்து, ஆர்டர்ஸ்.7 என்று சேமித்தால் போதும். கெடுவதெல்லாம் இரண்டு இடத்தில்தான். போன சுற்றின் ஆணைக் கோப்பை நீக்க மறந்தால், இந்த வாரம் எதுவும் அனுப்பாதவருடைய பழைய ஆணையை எஞ்சின் மறுபடியும் நிறைவேற்றிவிடும்: அவருடைய படை இரண்டாம் முறை வடக்கே நடந்துபோய்க் கடற்கரையில் நிற்கும். இரண்டாவது, ஒருவருடைய அறிக்கையை இன்னொருவருக்கு இணைத்து அனுப்பிவிடுவது. அதற்குப் பரிகாரமே கிடையாது. பார்த்ததைப் பார்க்காததாக்க முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவாவது, வாங்குவதைக் கையால் செய்தாலும் அனுப்புவதை ஸ்கிரிப்டிடம் விடுங்கள்.

சொந்த மெயில் சர்வர், குழாய் வழி

பழைய ஆட்டங்கள் எல்லாம் இப்படித்தான் ஓடின. டிப்ளமசி ஆட்டத்துக்காகக் கென் லோ எழுதிய 'ஜட்ஜ்' நிரல் 1980-களின் கடைசியிலிருந்து மெயில் சர்வரோடு ஒட்டியே வேலை செய்தது. மெயில் வந்த நொடியில் சர்வர் அதை உங்கள் ஸ்கிரிப்டின் உள்ளீட்டில் ஊற்றும். ஸ்கிரிப்ட் படித்துப் பதில் அனுப்பும். காத்திருப்பு இல்லை, ஆணை அனுப்பிய சில விநாடிகளில் பதில். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வரின் ஏலியஸ் கோப்பில் (எந்த முகவரிக்கு வரும் மெயில் எங்கே போக வேண்டும் என்ற பட்டியல்) முகவரிக்கு எதிரே ஒரு குழாய்க் குறியும் (|) ஸ்கிரிப்டின் முழுப் பாதையும் எழுதினால் போதும். பழைய கையேடுகள், வரும் மெயிலைப் பிரித்து அனுப்பும் புரோக்மெயில் நிரலை நடுவில் வைக்கச் சொல்லும். அதன் 3.22 பதிப்பு 2001-ல் வந்தது, அடுத்த பதிப்புக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புதிதாகத் தொடங்குபவர் அதன் மேல் எதையும் கட்ட வேண்டாம்.

வேகம் உண்மைதான். ஆனால் மூன்று இடத்தில் கால் இடறும்.

ஒன்று, ஸ்கிரிப்டின் வெளியேறு எண். ஸ்கிரிப்ட் 0 தந்தால் மெயில் சேர்ந்தது என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். 75 தந்தால் 'இப்போது முடியவில்லை, பிறகு பார்' என்று பொருள். சர்வர் வரிசையில் வைத்து மறுபடி முயலும். வேறு எண் என்றால் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப்போகும். பைத்தானில் எழுதிய ஸ்கிரிப்ட் பிழையில் விழுந்தால் தருவது 1. ஆகவே ஆட்டக்காரருக்குப் போவது ஆணைக்கான பதில் அல்ல, போஸ்ட்ஃபிக்ஸின் திருப்பு மெயில். உங்கள் ஸ்கிரிப்டின் பிழைச் செய்தி, கோப்புப் பாதை உட்பட, அதற்குள்ளேயே இருக்கும். ஸ்கிரிப்டின் வெளிமட்டத்தில் எல்லாப் பிழையையும் பிடித்து, பதிவேட்டில் எழுதி, 75 தரும்படி செய்யாமல் இந்த வழியில் இறங்கவே கூடாது.

இரண்டு, உரிமை. ஏலியஸ் கோப்பின் உடைமையாளர் ரூட்டாக (இயந்திரத்தின் நிர்வாகிப் பயனர்) இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் உங்கள் ஸ்கிரிப்டை 'நோபடி' என்ற பயனராக ஓட்டும். அதற்கு ஆட்ட அடைவில் எழுத அனுமதி இருக்காது. கையால் ஓட்டிப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், மெயிலில் வரும்போது மட்டும் விழும். ஆட்டத்துக்கென்று ஒரு பயனரை உருவாக்கி, அவர் உடைமையில் தனி ஏலியஸ் கோப்பு வைப்பதே சரியான வழி. அவசரத்தில் அடைவை எல்லாருக்கும் திறந்துவிட்டால் முப்பது பேரின் ரகசிய ஆணைகளும் கடவுச்சொற்களும் வெளியே கிடக்கும்.

மூன்றாவதுதான் பெரியது: அனுப்புவது. மேகச் சர்வர் தரும் நிறுவனங்களில் பல, மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும், வெளியே போகும் 25-ஆம் போர்ட்டை அடைத்தே தருகின்றன. திறந்து வாங்கினாலும், மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வந்தது என்று பெறுபவர் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டீகிம், தலைகீழ்ப் பெயர்ப் பதிவு மூன்றும் பொருந்தியிருக்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், குறைவாக அனுப்புபவர்களிடமும் எஸ்பிஎஃப் அல்லது டீகிம் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. எல்லாம் சரியாக இருந்தாலும், புதிய ஐபி முகவரியிலிருந்து ஒரே நேரத்தில் முப்பது இணைப்பு மெயில் கிளம்பினால் சில நேரே ஸ்பேம் பெட்டிக்குப் போகும். ஆட்டக்காரர் 'அறிக்கை வரவில்லை' என்பார், உங்கள் பதிவேடு 'போய்விட்டது' என்று சொல்லும். மெயில் சர்வர் நிர்வாகம் ஏற்கெனவே கைவந்தவருக்கு இது நல்ல வழி. ஆட்டம் நடத்துவதற்காக மட்டும் இதைக் கற்றுக்கொள்ளப் போவதென்றால், ஆட்டம் தொடங்க ஆறு மாதம் ஆகும்.

சாதாரண அஞ்சல்பெட்டி, ஐமேப் வழி எட்டிப்பார்ப்பது

ஏற்கெனவே யாரோ நன்றாக நடத்தும் மெயில் சேவையில் ஆட்டத்துக்கென ஒரு கணக்கைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் ஸ்கிரிப்ட் ஐமேப் (பெட்டியிலுள்ள மெயிலைத் தொலைவிலிருந்து படிக்கும் நெறிமுறை) வழியே அதை எட்டிப்பார்ப்பது. முப்பது பேர் ஆட்டத்துக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

காரணம் எளிது. உங்கள் இயந்திரம் படுத்துக்கொண்டாலும் மெயில் பெட்டியில் பத்திரமாக இருக்கும். வெளியிலிருந்து உள்ளே எந்த இணைப்பும் வரத் தேவையில்லை. நம் ஊர் வீட்டு இணைய இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன, உள்ளே வரும் இணைப்பு எட்டாது. எட்டிப்பார்க்கும் முறைக்கு அது தடையே இல்லை. மேசை மூலையில் இருக்கும் ராஸ்பெர்ரி பை போதும். மின்சாரம் போய் வந்தால் ஸ்கிரிப்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும். அனுப்புவதும் அதே கணக்கின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) வழியே, 587 அல்லது 465-ஆம் போர்ட்டில். எஸ்பிஎஃப், டீகிம் தலைவலி அந்தச் சேவைக்கு. ஜிமெயில் இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பெறுநர் என்ற வரம்பு உண்டு. முப்பது பேர் ஆட்டம் அதன் பக்கத்தில்கூடப் போகாது. 2022 மே மாத இறுதிக்குப் பிறகு சாதாரணக் கடவுச்சொல்லை வைத்து ஸ்கிரிப்ட் உள்ளே போக முடியாது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துள்ள செயலிக் கடவுச்சொல் ஒன்றை எடுத்து ஸ்கிரிப்டுக்குக் கொடுங்கள்.

ஆனால் எழுதும் முறை முக்கியம். 'படிக்காத மெயில்களை எடு' என்று எழுதுவதே எல்லாரும் முதலில் செய்வது. புதன்கிழமை பேருந்தில் போகும்போது நடத்துபவர் தன் கைபேசியில் அதே பெட்டியைத் திறந்து பார்க்கிறார், மெயில் படித்ததாகிவிடுகிறது, ஸ்கிரிப்ட் அதைத் தொடவே தொடாது. ஞாயிறு இரவு அந்த ஆட்டக்காரரின் அறிக்கையில் அவர் படை அசையாமல் நிற்கும். ஆகவே படித்தது, படிக்காதது என்ற குறியை நம்பாதீர்கள். இன்பாக்ஸில் இருப்பதெல்லாம் முடியாத வேலை, முடிந்ததும் 'முடிந்தவை' என்ற உறைக்கு நகர்த்து. விதி அவ்வளவுதான். மெயிலை எடுக்கும்போதும் 'பாடி.பீக்' என்று கேளுங்கள். வெறும் 'பாடி' என்று கேட்டால் எடுத்த உடனேயே படித்த குறி விழும். பாதியில் ஸ்கிரிப்ட் விழுந்தால் எது முடிந்தது என்று உங்களுக்கே தெரியாது.

வரிசையும் இப்படித்தான் இருக்க வேண்டும்: ஆணையைச் சேமி, பதில் அனுப்பு, பிறகு நகர்த்து. நடுவில் மின்சாரம் போனால் அதே மெயில் இன்னொரு முறை எடுக்கப்படும். ஒரே ஆணையை இருமுறை சேமிப்பதால் கேடில்லை, ஆட்டக்காரருக்கு இரண்டு பதில் போகும், அவ்வளவுதான். மாற்றி எழுதினால் ஆணை தொலையும். பழைய மெயில் புதியதை மேலெழுதாமலிருக்க, சேமித்த ஒவ்வொரு ஆணையோடும் அது சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தை எழுதிவைத்து, அதைவிடப் பழையதென்றால் ஒதுக்கிவிடுங்கள். அந்த நேரத்தை ஐமேப்பின் 'இன்டர்னல்டேட்' புலத்திலிருந்து எடுங்கள். மெயில் தலைப்பிலுள்ள தேதி அனுப்பியவரின் கடிகாரம் சொல்வது. அதைப் பின்னுக்குத் தள்ளி வைத்துக் கெடுவுக்குள் அனுப்பியதுபோல் காட்ட யாராலும் முடியும்.

ஸ்பேம் உறையையும் அதே ஸ்கிரிப்ட் பார்க்கட்டும். சரியான அணி எண்ணும் கடவுச்சொல்லும் உள்ள மெயில் எங்கே கிடந்தாலும் அது ஆணைதான்.

குறை ஒன்றே: பதில் வர ஐந்து நிமிடம் ஆகலாம். வாரம் ஒரு சுற்று ஆட்டத்தில் அது பொருட்டல்ல. கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது மட்டும் ஒரு நிமிட இடைவெளிக்கு மாற்றிக்கொண்டால் கடைசி நேரத்தில் திருத்துபவர்களுக்கு உதவும்.

இயந்திரமே வேண்டாம் என்பவர்களுக்கு

கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் எழுதி ஜிமெயிலுக்குள்ளேயே ஆணை வாங்கலாம். இலவசம், அமைப்பதும் எளிது. இலவசக் கணக்கில் நாளொன்றுக்கு 100 பெறுநருக்குத்தான் அது மெயில் அனுப்பும், ஒரு ஓட்டம் 6 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். கெடு நாளில் 60 பதிலும் 30 அறிக்கையும் என்றால் விளிம்பில்தான் நிற்பீர்கள். இன்னொரு குழி: ஜிமெயிலில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஒட்டும் லேபிள் மெயிலுக்கு அல்ல, உரையாடல் முழுமைக்கும். 'முடிந்தது' என்று லேபிள் ஒட்டி, லேபிள் இல்லாதவற்றை மட்டும் தேடினால், அதே உரையாடலில் ஆட்டக்காரர் அனுப்பும் திருத்தம் கண்ணில் படாது. ஆட்டக்காரர்கள் திருத்தத்தைப் பெரும்பாலும் 'பதில்' பொத்தானை அழுத்தித்தான் அனுப்புவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சி++ எஞ்சின் அங்கே ஓடாது. பிழை சரிபார்ப்பைக்கூட உடனே செய்ய முடியாது. ஆணையைச் சேர்த்துவைக்கும் பெட்டியாக மட்டுமே அது பயன்படும்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் வேறு மாதிரி. கிட்ஹப் தளமே தன் இயந்திரத்தில் உங்கள் ஸ்கிரிப்டை ஓட்டித் தரும், எஞ்சினும் ஓடும், ஒவ்வொரு சுற்றும் கமிட்டாக (மாற்றங்களின் பதிவாக) நிற்கும், பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது சுலபம். கோப்புகள் இருக்கும் களஞ்சியம் தனியுடையதாகத்தான் இருக்க வேண்டும். பொதுவில் வைத்தால் எல்லாருடைய ஆணையும் எல்லாருக்கும் தெரியும். தனிக் களஞ்சியத்துக்கு இலவசமாகக் கிடைப்பது மாதம் 2,000 நிமிடம். ஒவ்வொரு ஓட்டமும் முழு நிமிடமாக மேலே வட்டமிடப்படும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்த்தால் மாதம் 8,640 ஓட்டம், கட்டுப்படியாகாது. அரை மணிக்கு ஒருமுறை என்றால் 1,440, அடங்கும். ஆனால் கால அட்டவணைப்படி ஓட வேண்டியவை நெரிசல் நேரத்தில், குறிப்பாக ஒவ்வொரு மணியின் தொடக்கத்தில், தாமதமாகத் தொடங்குவதுண்டு. கெடு இரவு 8 மணி என்று சொல்லிவிட்டு, சுற்று 8.25-க்கு ஓடினால், நடுவில் வந்த ஆணையை ஏற்பதா மறுப்பதா என்ற சண்டை வரும். வந்து சேர்ந்த நேரத்தை வைத்து வடிகட்டினால் தீரும். இயந்திரம் வாங்க வழியில்லாத மாணவர்களுக்கு இது தக்க வழி.

மெயிலை வாங்கி வெப் முகவரிக்குத் தள்ளிவிடும் சேவைகளும், அமேசானின் எஸ்இஎஸ் போல மெயிலைச் சேமிப்பகத்தில் போட்டு லாம்டா என்ற மேகச் சேவையில் உள்ள நிரலை எழுப்புபவையும் உண்டு. ஆயிரக்கணக்கில் மெயில் வரும் வணிகத்துக்காக அமைந்தவை. நம் எஞ்சின் தான் நிற்கும் அடைவிலிருந்து கோப்பைப் படித்து அதே அடைவில் எழுதுவது. ஒவ்வொரு முறையும் கோப்புகளை இறக்கி, ஓட்டி, ஏற்ற வேண்டும், இரண்டு மெயில் ஒரே நேரத்தில் வந்தால் மோதலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முப்பது பேருக்கு இந்த வேலை வீண்.

எந்த வழி எடுத்தாலும் தப்பாதது: மெயில் உரையைச் சுத்தம் செய்வது

வழியைத் தேர்ந்தெடுக்க ஒரு மாலை போதும். உண்மையான உழைப்பு இங்கேதான். எஞ்சின் எதிர்பார்ப்பது சுத்தமான வரிகள்: முதலில் கட்டக்குறியோடு (#) 'அட்லாண்டிஸ்' என்ற சொல், அணி எண், மேற்கோளில் கடவுச்சொல். பிறகு 'யூனிட் 412', அதன் கீழே ஆணைகள். கடைசியில் கட்டக்குறியோடு 'எண்டு'. ஆட்டக்காரர் கைபேசியிலிருந்து அனுப்புவது இதுவல்ல.

கைபேசி விசைப்பலகை நேரான மேற்கோள்குறியை வளைந்த மேற்கோள்குறியாக மாற்றிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, எஞ்சினுக்கு அது மேற்கோளே இல்லை. கடவுச்சொல் தவறு என்று பதில் போகும். ஆட்டக்காரர் பத்து முறை அதே கடவுச்சொல்லை அடித்து அனுப்புவார். முறியா இடைவெளி என்ற எழுத்தும் இப்படித்தான்: பார்க்க வெற்றிடம், உள்ளே வேறு எண். இந்த இரண்டையும் முதல் வேலையாக நேர்ப்படுத்துங்கள்.

அடுத்தது வரி உடைப்பு. ஒரு படைப்பிரிவுக்கு நீளமாக வருணனை எழுதினால், மெயில் செயலி எழுபத்தெட்டாவது எழுத்துக்குப் பக்கத்தில் வரியை ஒடித்துவிடும். மீதிப் பாதி தனி ஆணையாகப் போய் 'புரியவில்லை' என்று விழும். 'ஃபார்மட் ஃப்ளோட்' முறையில் வந்த மெயில் என்றால், இடைவெளியில் முடியும் வரிக்கு அடுத்த வரி உண்மையில் அதன் தொடர்ச்சி, சேர்த்துவிடலாம். பைத்தானின் மெயில் நூலகம் இதைத் தானாகச் செய்யாது, நாம்தான் எழுத வேண்டும். வேறு வகையில் உடைந்திருந்தால் ஊகித்து ஒட்டாதீர்கள். பிழையைச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். ஊகம் ஒருமுறை தவறினால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

எச்டிஎம்எல் மட்டும் வரும் மெயில், இணைப்பாக வரும் டெக்ஸ்ட் கோப்பு, உங்கள் பழைய பதிலை முழுதாகக் கீழே சுமந்துவரும் மெயில், எல்லாம் வரும். வெற்று உரைப் பகுதி இருந்தால் அதை எடு, இல்லாவிட்டால் டெக்ஸ்ட் இணைப்பு, அதுவும் இல்லாவிட்டால் எச்டிஎம்எல்லை உரையாக்கு என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். 'எண்டு' வரி விட்டுப்போனால் அடியில் இருக்கும் கையொப்பமும் ஆணையாகப் படிக்கப்படும்; ஒற்றைப் பிழை பன்னிரண்டு பிழையாகத் தெரியும். அதைத் தனியாகக் கண்டுபிடித்துப் பதிலின் முதல் வரியில் சொல்லுங்கள்.

அணிக்கும் படைக்கும் பெயர் வைக்கும்போது எஞ்சின் ஆங்கில எழுத்தும் சில குறிகளும்தான் ஏற்கும். தமிழில் பெயர் எழுதினால் எழுத்துகள் உதிர்ந்துவிடும். தமிழ் ஆட்டக்காரர்களைச் சேர்ப்பவர்கள் இதை முதல் மெயிலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பதில் மெயிலின் தலைப்பில் சுற்று எண் இருக்க வேண்டும்: 'சுற்று 15-க்கான ஆணை ஏற்கப்பட்டது, அணி 7, பிழை 2' என்பது போல. அட்லாண்டிஸ் ஆணையின் முதல் வரியில் சுற்று எண் கிடையாது. கெடு முடிந்து பத்து நிமிடம் கழித்து வந்த ஆணையை ஸ்கிரிப்ட் அடுத்த சுற்றுக்கு உரியதாக எடுத்துக்கொள்ளும். தலைப்பில் எண்ணைப் பார்த்தால்தான் ஆட்டக்காரருக்குத் தான் தவறவிட்டது புரியும். உள்ளே எஞ்சினின் சரிபார்ப்பு முடிவையும், ஏற்றுக்கொண்ட ஆணையையும், கடவுச்சொல்லை நீக்கிவிட்டு, முழுதாகத் திருப்பி அனுப்புங்கள். அந்தச் சரிபார்ப்பு எழுத்துப் பிழையை மட்டும்தான் பிடிக்கும் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். இல்லாத படைப்பிரிவுக்கு ஆணை கொடுத்தால் சுற்று ஓடும்போதுதான் தெரியும்.

கடவுச்சொல் சரியென்றால் பதில் பிளேயர்ஸ் கோப்பில் உள்ள முகவரிக்கே போகட்டும். முகவரியையும் கடவுச்சொல்லையும் ஆட்டக்காரர்கள் ஆணை மூலமாகவே மாற்றிக்கொள்ள எஞ்சினில் வசதி உண்டு. நீங்கள் தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொண்டால் மூன்றாவது சுற்றில் அது பழையதாகியிருக்கும். ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பையே படியுங்கள்.

சுழல் ஆபத்தை மறக்கக் கூடாது. ஆட்டக்காரர் விடுமுறையில் போகும்போது தானியங்கிப் பதில் வைத்துவிட்டுப் போவார். உங்கள் ஸ்கிரிப்டின் பதிலுக்கு அது பதில் போடும், அதற்கு உங்களுடையது 'ஆணை புரியவில்லை' என்று பதில் போடும். காலையில் எழுந்து பார்த்தால் அன்றைய அனுப்பும் வரம்பு தீர்ந்து கணக்கு முடங்கியிருக்கும். 'ஆட்டோ-சப்மிட்டட்' தலைப்பு உள்ள மெயிலுக்கும், திரும்பு முகவரி வெறுமையாக உள்ள மெயிலுக்கும் பதில் அனுப்பவே கூடாது. உங்கள் பதிலிலும் அதே தலைப்பைச் சேருங்கள். ஒரு முகவரிக்கு நாளுக்கு இருபது பதிலுக்கு மேல் போகாதபடி எண்ணிக்கையும் வையுங்கள்.

சுற்றை ஓட்டுவது: கடிகாரமா, கையா

இரண்டில் ஒன்று என்று பார்க்க வேண்டாம். முதல் நான்கு சுற்றுகளை ஒரே கட்டளையில் ஓடும் ஸ்கிரிப்டாகக் கையால் ஓட்டுங்கள். புதிதாகச் சேர்பவர்களை பிளேயர்ஸ் கோப்பில் 'ஃபேக்ஷன்: நியூ' என்று சேர்க்கும் வேலையும் அந்த வாரங்களில்தான் அதிகம். பிறகு கடிகாரத்திடம் கொடுங்கள்.

லினக்ஸில் குறித்த நேரத்தில் நிரலை ஓட்ட கிரான், சிஸ்டம்டி டைமர் என்று இரண்டு கருவிகள் உண்டு; இந்தக் கடிகாரத்துக்குக் கிரானைவிட சிஸ்டம்டி டைமர் மேல். எஞ்சின் தான் நிற்கும் அடைவில்தான் கோப்பைத் தேடும். கிரான் வீட்டு அடைவிலிருந்து தொடங்கும், அங்கே கேம்.இன் இருக்காது. சிஸ்டம்டியில் வேலை அடைவை ஒரு வரியில் சொல்லிவிடலாம். 'பெர்சிஸ்டென்ட்' என்பதை இயக்கினால், கெடு நேரத்தில் இயந்திரம் அணைந்திருந்தாலும் திரும்ப வந்ததும் சுற்று ஓடும். கெடுவை யுடிசியில் (உலகப் பொது நேரம்) அறிவியுங்கள்: ஞாயிறு 14.30 என்றால் நமக்கு இரவு 8 மணி. ஐரோப்பிய நேரத்தில் வைத்தால் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் ஒரு மணி நேரம் நகர்ந்து குழப்பும்.

ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது: எஃப்லாக் என்ற கட்டளை மூலம் பூட்டுப் போட்டு ஆணை வாங்குவதை நிறுத்து, பெட்டியைக் கடைசியாக ஒருமுறை பார்த்து, கெடுவுக்குள் வந்து சேர்ந்ததை மட்டும் எடு, இந்தச் சுற்றுக்கென்று புது அடைவு ஒன்றில் கேம், பிளேயர்ஸ், ஆணைக் கோப்புகளை நகலெடு, அங்கே எஞ்சினை ஓட்டு. பிறகு நின்று சரிபார்: எஞ்சின் 0 தந்ததா, கேம்.அவுட் இருக்கிறதா, அது போன சுற்றின் கோப்பைவிடப் பாதியாகச் சுருங்கிவிடவில்லையே, 3-லிருந்து தொடங்கும் ஒவ்வொரு அணிக்கும் அறிக்கை வந்திருக்கிறதா. ஒன்று தவறினாலும் பூட்டை எடுக்காமல் உங்களுக்கு மட்டும் மெயில் அனுப்பிவிட்டு நிற்கட்டும். எல்லாம் சரியென்றால்தான் அவுட் கோப்புகள் அடுத்த சுற்றின் இன் கோப்புகளாக வேண்டும். சுற்றுக்கொரு அடைவு என்பதால் பழைய ஆணை தங்கிவிடும் கேடும் இல்லை. தவறு நேர்ந்தால் அந்த அடைவை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டலாம். டிஸ்கில் சில மெகாபைட்தான் செலவு.

அனுப்புவது அதற்குப் பிறகு, தனி ஸ்கிரிப்டில். அறிக்கையை மெயில் உடலில் ஒட்டாமல் ஜிப் செய்து இணையுங்கள். பிற்பட்ட சுற்றுகளில் அது பல நூறு கிலோபைட் வரும், உடலில் ஒட்டினால் வரி உடைந்து ஆட்டக்காரர்களின் துணை நிரல்கள் படிக்க முடியாமல் போகும். ஒவ்வொரு மெயிலும் போனதும் அந்த அணி எண்ணில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்குங்கள். பதினெட்டு மெயில் போனபின் இணைப்பு அறுந்தால், மறுபடி ஓட்டும்போது பத்தொன்பதிலிருந்து தொடரும். இல்லையென்றால் முதல் பதினெட்டுப் பேருக்கும் இரண்டு அறிக்கை போய், எது உண்மை என்று கேட்டு எழுதுவார்கள். அனுப்பும் முன் கடைசிக் காவல் ஒன்று: அறிக்கையின் தொடக்கத்தில் அணியின் பெயரும் அடைப்புக்குறிக்குள் அதன் எண்ணும் இருக்கும். ஏழாம் அணியின் முகவரிக்குப் போகும் கோப்பில் அந்த எண் 7 தானா என்று ஸ்கிரிப்ட் படித்துப் பார்த்துவிட்டே அனுப்பட்டும். ஐந்து வரி நிரல்தான். முன்னே சொன்ன பரிகாரமில்லாத தவறை அது வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஆட்டக்காரர்களை அழைக்கும் முன் இரண்டு போலி அணிகளை வைத்து மூன்று சுற்று ஓட்டிப் பாருங்கள். வளைந்த மேற்கோளோடு ஒரு ஆணை, 'எண்டு' இல்லாமல் ஒன்று, தவறான கடவுச்சொல்லோடு ஒன்று, கெடுவுக்கு ஒரு நிமிடம் முன்னும் பின்னும் ஒவ்வொன்று, விடுமுறைப் பதில் ஒன்று. பிறகு, அறிக்கைகள் போய்க்கொண்டிருக்கும்போது இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மறுபடி செருகி, யாருக்கு எத்தனை மெயில் வந்தது என்று எண்ணுங்கள்.